மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு மாப்பிள்ளை

“அக்கா, உங்க வீட்ல அட்லஸ் இருக்கா?”

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஃபோனில் வந்த கேள்வி இது. கேட்டது கல்யாணி. ஞாயிறு காலையில் மனுஷி தூங்க வேண்டாமா? வாரம் பூராவும் எல்லர்ஸ்லியில் இருக்கிற ஆஃபீஸுக்கு ஓடுகிற எனக்கு அந்த ஒரு காலைதான் சொந்தம். இட்லித் தட்டு கேட்பாள், தோசைக்கல் கேட்பாள், போன தீபாவளிக்கு என் பட்டுப்புடவையையே கேட்டாள்... கொடுத்தேன். அட்லஸ்?

“எதுக்குடி?” என்றேன்.

“நித்யாவுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கு. பையன் டாக்டர். அமெரிக்கா.”

“அமெரிக்காவைக் கண்டுபிடிக்க அட்லஸ் எதுக்கு? அது பெரிசாத்தானே இருக்கும்?”

“அமெரிக்கா தெரியுதுக்கா. ஊர்தான் தெரிய மாட்டேங்குது.”

கல்யாணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்காரி. ஆக்லாந்தில், மவுண்ட் ராஸ்கில்லில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கணவர் சுந்தரம் மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டி ஒரு சரக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே பெண் நித்யா, ஆல்பனியில் பிஸியோதெரபிஸ்ட். பள்ளிக்கூடம் போகிற வயதில் இங்கே வந்தவள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆனால் பதில் வரும் – அதுவே இந்த ஊரில் பெரிய விஷயம்.

அட்லஸை எடுத்துக்கொண்டு போனேன். சுந்தரம் சாப்பாட்டு மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நெப்ராஸ்கா என்கிற மாநிலத்தை அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். கடைசியில் சீரகம் அளவுக்கு ஒரு புள்ளியைப் பிடித்தார் சுந்தரம். “இதோ!” என்றார். கல்யாணி விரலால் தேய்த்தாள். புள்ளி போய்விட்டது. என் வீட்டு சாம்பார்.

ஊரின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். வில்லோ கிராசிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்னையும் ஃபோனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். செய்யக்கூடியவர்கள்தான்!

ஜாதகத்தோடு மதுரையிலிருந்து பையனின் அம்மா சொல்லி அனுப்பிய விவரம் இவ்வளவுதான்: பையன் பெயர் முரளி. மேல்படிப்பை அமெரிக்காவில் முடித்தவன். அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது – டாக்டர்கள் போகத் தயங்கும் சின்ன ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால், வெளிநாட்டு டாக்டர் அந்த நாட்டிலேயே தங்கலாம். முரளி ஒரு வருஷத்தை முடித்துவிட்டான். ஊரின் ஜனத்தொகை எண்ணூற்றுச் சொச்சம்.

“எண்ணூறா?” என்றார் சுந்தரம். “நம்ம கல்யாணத்துக்கே ஆயிரம் பேர் வந்தாங்களேடி!”

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணிக்கு வரவில்லை. நியாயம்தானே? ஒரே பெண். அவளைக் கண்காணாத சீமைக்கு அனுப்புகிறோம் என்றால், அந்தச் சீமை அட்லஸிலாவது இருக்க வேண்டாமா?

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து ராணி அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஓம், டொக்டர் மாப்பிள்ளை நல்லதுதான். ஆனா அங்கை அந்தப் பிள்ளைக்குக் கதைக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?”

எல்லார் மனத்திலும் அதே கேள்விதான். அங்கே தமிழர் உண்டா? கோயில் உண்டா? கறிவேப்பிலை உண்டா?

ஒரு வேடிக்கை பாருங்கள். இங்கே ஆக்லாந்தில் நம் ஊர் டாக்டர்கள், இங்கே தொழில் பார்க்க எழுத வேண்டிய பரீட்சைக்குக் காத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். அங்கே ஒரு ஊர் டாக்டருக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது. உலகத்தில் சாமான்களைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாதவர்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

சரி, அடுத்தது என்ன? விசாரிப்பு.

பெண்ணைக் கொடுக்கும் முன் பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் அது ஒரு கலை. மூலைக் கடைக்காரரிடம் கேட்போம். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் கேட்போம். வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று ஆரம்பித்து, பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான் என்பதில் முடிப்போம். யாருக்கும் சந்தேகம் வராது... என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

எண்ணூறு பேர் இருக்கிற ஊரில், கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, யாரிடம் போய் விசாரிப்பது?

சுந்தரம் விடவில்லை. சரக்குக் கம்பெனிக்காரர், உலகத்தில் எந்த மூலைக்கும் பேசத் தெரிந்தவர். இன்டர்நேஷனல் ஆபரேட்டரைப் பிடித்து, “அந்த ஊரில் ஏதாவது ஒரு கடை நம்பர் கொடுங்கள்” என்றார். கிடைத்தது ஒரு சாப்பாட்டுக் கடை. ஊருக்கே அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு காலை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு ஞாயிறு காலை என்றால் அங்கே சனிக்கிழமை மதியம். சுந்தரம் ஸ்பீக்கர் ஃபோனைத் தட்டினார். கல்யாணி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நித்யா மட்டும், “அப்பா, திஸ் இஸ் சோ எம்பாரஸிங்” என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. கவனித்தேன்.

ஒரு பெண் குரல் எடுத்தது. சுந்தரம் ஒத்திகை பார்த்து வைத்த வசனத்தை ஆரம்பித்தார். “ஹலோ மேடம், நான் டாக்டர் முரளியின் பழைய நண்பன். நியூசிலாந்திலிருந்து பேசுகிறேன். அவர் சௌக்கியமா என்று சும்மா தெரிந்துகொள்ள...”

அந்தப் பக்கம் ஒரே பேச்சுச் சத்தம்.

பிறகு அந்த அம்மாள் ரிசீவரைக் கையால் மூடாமலேயே கத்தினார். அவர் ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்: “எல்லாரும் வாயை மூடுங்க! பொண்ணோட அப்பா பேசறார்!”

சுந்தரம் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

விஷயம் என்ன தெரியுமா? முரளி தினமும் சாயங்காலம் அந்தக் கடையில்தான் சாப்பிடுவான். ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும், பெண் வீட்டார் எப்படி ஊர் பேர் சொல்லாமல் விசாரிப்பார்கள் என்றெல்லாம் கதையாகச் சொல்லியிருக்கிறான். கூடவே, “அப்படி யாராவது கூப்பிட்டா உண்மையை மட்டும் சொல்லுங்க” என்றும் சொல்லி வைத்திருக்கிறான். அன்றிலிருந்து அந்தக் கடையே ஃபோன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நம்முடைய பரம ரகசியம் நெப்ராஸ்காவில் ஊர்க்கதை!

கடைக்கார அம்மாள் பெயர் நார்மா. “கேளுங்க, என்ன வேணுமோ கேளுங்க” என்றார்.

சுந்தரத்துக்கு நாக்கு எழவில்லை. நான்தான் கேட்டேன். “குடிப்பாரா?”

ஃபோன் கை மாறியது. பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறவராம். “வெள்ளிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சில் ஒரு பீர் வாங்கிக் கொடுத்தேன். மரியாதைக்குக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் செடிக்கு ஊற்றிவிட்டார், நான் பார்த்தேன்.”

“ஊர் எப்படி?”

“எல்லைப் பலகையில் எண்ணூற்றுச் சொச்சம்னு போட்டிருக்கும். அது பழைய கணக்கு. பசங்க படிச்சுட்டு வெளியூர் போயிடறாங்க. இப்ப எழுநூறு தேறினா பெரிசு.”

“ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது?” இது சுந்தரம். குரல் திரும்பிவிட்டது.

“சோளம்.”

“அதற்கு அப்பால்?”

“மத்தவங்களோட சோளம்.”

அந்தப் பக்கம் கடையே சிரித்தது. இந்தப் பக்கம் நித்யா சிரித்துவிட்டாள். ஒரே ஒரு பெரிய தெரு. தானியக் கிடங்கு ஒன்று, பத்து மைலுக்கு அப்பாலிருந்தே தெரியுமாம். ரயில் பாதை உண்டு, ரயில் நிற்காது. ஆறு உண்டு, கோடையில் தண்ணீர் இருக்காது. குளிர்காலத்தில் காருக்கும் வீட்டுக்கும் நடுவே மூக்கு உறையும். சினிமா நாற்பது மைல். ஆஸ்பத்திரி எண்பது மைல்.

நார்மா மறுபடி வாங்கிக்கொண்டார். “உண்மையைச் சொல்லச் சொல்லியிருக்கார், சொல்றேன். உங்க பொண்ணு மாதிரி இருக்கிறவங்க இங்க யாரும் இல்லை. முதல்ல முறைச்சு முறைச்சுப் பார்ப்பாங்க. கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒண்ணு ரெண்டு பேர் கெட்ட எண்ணத்திலும் பார்ப்பாங்க... அவங்க யார்னு நான் காட்டிக் கொடுக்கிறேன்.”

“பையன் எப்படி?” என்று கல்யாணி மெல்லக் கேட்டாள்.

“தனியா இருக்கார்,” என்றார் நார்மா. “தினமும் அதே ஸ்டூல்ல உட்கார்ந்து, அதே சீஸ் டோஸ்ட் சாப்பிடறார். மத்த எல்லாத்திலும் கறி இருக்கும், சாப்பிட மாட்டாரே! பச்சைமிளகாய்க்காக ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போனார். அதைக் கேட்டதும் என் கொல்லையில் நாலு செடி வெச்சேன். பார்க்கவே பாவமா இருக்கும்.”

பெண் என்ன படித்திருக்கிறாள் என்று பதிலுக்கு அவர்கள் கேட்டார்கள். பிஸியோதெரபிஸ்ட் என்றோம். மறுபடியும் ஒரே கூச்சல். ஊரில் பாதிப் பேருக்கு முட்டி வலியாம். கடைசியில் நார்மா, “வேற ஏதாவது ஞாபகம் வந்தா சொல்றோம்” என்று இவர்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

ஃபோனை வைத்தோம். நம் கல்யாணப் பேச்சில் யாராவது உண்மை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சுத்தக் கறுப்பு ‘நல்ல மாநிறம்’ ஆகும். கிளார்க் ‘ஆஃபீஸர் கிரேடு’ ஆவார். இங்கே ஒரு ஊரே கூடி, எங்களிடம் சினிமா இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆனால் பையன் நல்லவன் என்கிறது!

சுந்தரத்துக்குப் பையனைப் பிடித்துவிட்டது. ஊரைத்தான் பிடிக்கவில்லை. “பையன் தங்கம். ஆனா அங்க எம்பொண்ணு காலம் பூரா இருக்க முடியாது. அந்த மூணு வருஷ பாண்ட் முடிஞ்ச மறுநாளே சிகாகோவோ ஆக்லாந்தோ பெரிய ஊருக்கு வந்துடணும். அந்த வாக்கைக் குடுத்தா பேசலாம்.”

கல்யாணியும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். நியாயமான கண்டிஷன்தானே என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை முரளி நேரில் வந்துவிட்டான். அமெரிக்காவிலிருந்து ஆக்லாந்துக்குப் பெண் பார்க்க! விமானத்தில் கசங்கிய சட்டை, ஒல்லி உடம்பு, எதைக் கேட்டாலும் பாதி வாக்கியத்தில் வெட்கம். கல்யாணி குமராக் கிழங்கில் பஜ்ஜி போட்டிருந்தாள். நம் ஊர்ச் சர்க்கரைவள்ளியின் அண்ணன் முறை அது, இந்த ஊர்க் கிழங்கு. பையன் ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சீஸ் டோஸ்ட் தின்று தின்று செத்த நாக்கு. என்னால் பார்க்க முடியவில்லை, இன்னும் நாலை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

சுந்தரம் தொண்டையைக் கனைத்தார். “தம்பி, ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாப் பேசிடணும். அந்த மூணு வருஷம் முடிஞ்சதும்...”

“அதைக் கேக்காதீங்க.”

சமையலறை வாசலில் கல்யாணி. கையில் காபித் தட்டு.

“என்னது?” என்றார் சுந்தரம்.

“அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்.”

“வாக்கா? யாருக்கு?”

“நார்மாவுக்கு.”

முரளி விருட்டென்று நிமிர்ந்தான். அவனுக்கும் தெரியாது போலிருக்கிறது. கல்யாணி தட்டை மேஜையில் வைத்தாள். கப்பிலிருந்து காபி ததும்பிச் சாஸரில் வழிந்தது.

“போன வாரம் நீங்க ஷிஃப்டுக்குப் போனப்புறம் ஃபோன் பண்ணினா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நானும் பேசினேன். மூணு வருஷம் முன்னாடி அவ வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. நல்ல பனி. ஊர்ல டாக்டர் இல்லை. இருந்த டாக்டர் அதுக்கு முந்தின மாசம்தான் காலி பண்ணிட்டுப் போயிருக்கார், பொண்டாட்டிக்கு ஊர் பிடிக்கலைன்னு. இவளே காரை எடுத்துக்கிட்டு ஓட்டியிருக்கா. எண்பது மைல். பாதி வழியிலேயே அவர் போயிட்டார். அது தெரியாம, ‘இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு’ன்னு பேசிக்கிட்டே மீதி தூரம் ஓட்டியிருக்கா.”

யாரும் காபியைத் தொடவில்லை.

“என்கிட்ட அவ கெஞ்சலை. ‘உன் பொண்ணுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு இப்பவே சொல்லிடச் சொல்லு, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம். வந்தா, வந்த நாள்லேருந்தே பெட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்னு சொல்லு’ன்னா. அவ்வளவுதான். என்னால முடியலைங்க. நாங்க அந்தக் கண்டிஷனைப் போட மாட்டோம்னு சொல்லிட்டேன்.”

“அம்மா!” நித்யா எழுந்துவிட்டாள். “யூ ப்ராமிஸ்ட்? இட்ஸ் மை லைஃப்!”

“உன் சார்பா நான் எதையும் குடுக்கலைடி,” என்றாள் கல்யாணி. “அங்கயே இருப்பான்னும் சொல்லலை, வருவான்னும் சொல்லலை. எங்களோட கண்டிஷனைத்தான் விட்டேன். இருக்கறதும் கிளம்பறதும் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிடு. அதையும் நானே நார்மாகிட்ட சொல்றேன்.”

நித்யா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முரளியைப் பார்த்து, “வாங்க, வெளிய போய்ப் பேசலாம்” என்றாள். தமிழில்! பதினைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது.

இரண்டு பேரும் பின்பக்கம் துணிக்கொடி அருகில் நின்று பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பஜ்ஜி ஆறிப் போகும்வரை பேசினார்கள். சமையலறை ஜன்னல் வழியாக நாங்கள் பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? முரளி கையை விரித்து ஏதோ அகலத்தைக் காட்டினான். சோளக் காடாக இருக்கும். நித்யா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு கட்டத்தில் அவள் ஏதோ சொல்ல, அவன் குனிந்து தன் முட்டியைத் தொட்டுக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுந்தரம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “ஆறு வருஷமா இந்த வீட்ல இருக்கோம். வலது பக்கத்து வீட்டுக்காரன் பேரு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு நெஞ்சு வலி வந்தா இவ யாரைக் கூப்பிடுவா?”

“என்னைக் கூப்பிடுவா. அட்லஸுக்கே கூப்பிடறவ,” என்றேன். சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. பத்து லட்சம் பேர் இருக்கிற நகரத்தில் நாம் ஒவ்வொருவரும் சேர்த்து வைத்திருக்கிற மனிதர்கள் எத்தனை? விரலை மடக்கிப் பார்த்தேன். நானும் நிறைய மடக்கவில்லை.

இருவரும் உள்ளே வந்தார்கள்.

“ஓகே,” என்றாள் நித்யா.

“எதுக்கு ஓகே?” என்றாள் கல்யாணி. மூச்சே விடவில்லை.

“அவருக்கு ஓகே. மூணு வருஷம் கழிச்சு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா பெட்டியைக் கட்டிட்டே போக மாட்டேன்.”

கல்யாணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையில் பாதி சந்தோஷம். மீதிப் பாதியைப் பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லாமலே அறிவார்கள். நான் காபி சூடு பண்ணுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

முரளி தயங்கித் தயங்கி, “ஒரு ஃபோன் பண்ணிக்கலாமா?” என்று கேட்டான்.

மதுரைக்குத்தான் என்று கல்யாணி முகத்தைத் துடைத்து, தலையைச் சரி செய்துகொண்டாள். சம்பந்தியம்மாவோடு முதல் பேச்சு! சுந்தரம் ஸ்பீக்கரைத் தட்டினார். முரளி எண்களை அழுத்தினான். ஒரே மணியில் எடுத்தார்கள்.

“ஷி சேட் எஸ்,” என்றான் முரளி.

ஃபோன் பெட்டி அதிர்ந்தது. கைதட்டல், விசில், யாரோ மேஜையைத் தட்டுகிற சத்தம், எதுவோ உடைகிற சத்தம். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையும் கடைக்குள் இருந்திருக்க வேண்டும்.

சத்தம் அடங்கியதும் கல்யாணி குனிந்து, “நார்மா...” என்றாள். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. “என் ஒரே பொண்ணு. பார்த்துக்கோம்மா,” என்று தமிழிலேயே சொன்னாள். முரளி மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. “பார்த்துக்கறேன். நீ அழாதே,” என்றார் நார்மா, அவருடைய ஆங்கிலத்தில்.

மதுரைக்கு அப்புறம்தான் ஃபோன் போனது. சம்பந்தியம்மாவுக்கு மகா கோபம். “பெத்தவளுக்கு முன்னாடி ஹோட்டல்காரிக்கா சொல்றது?”

நியாயமான கோபம்தான். ஆனால் என்ன செய்வது... பையனைப் பற்றி நாங்கள் விசாரித்தது ஹோட்டல்காரியிடம் அல்லவா?